நான் வெட்டிய இரண்டு பக்கங்கள்

மூன்று வாரமாக என் மேசையில் ஒரு ஜெராக்ஸ் பிரதி கிடக்கிறது. நான்கு தாள்கள். உறையைப் பிரித்தபோது அடித்த மை வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. முதல் தாளின் தலைப்பில் உங்கள் கதையின் பெயர், அதன் கீழே உங்கள் பெயர். உங்கள் பெயரை அச்சில் பார்த்துப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

அனுப்பியவர் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். பனியன் தொழிலைப் பற்றி இதுவரை வந்த சிறுகதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறாராம். எங்கோ ஒரு நூலகத்தின் பழைய இதழ்க் கட்டு ஒன்றில் நம் இதழ் அவர் கையில் அகப்பட்டிருக்கிறது. உங்கள் முகவரி தெரியாததால், இதழை நடத்தியவன் என்று எனக்கு எழுதி அனுமதி கேட்டிருந்தார். கடிதத்தில் ஒரு வரியை அடிக்கோடிட்டிருந்தார். "விதி ஓர் ஊசியின் உருவில் வந்து அவள் விழிகளைக் கட்டிவிட்டுப் போனது." இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கதை நிற்கும் என்று எழுதியிருந்தார்.

அந்த வரி நீங்கள் எழுதியதல்ல. நான் எழுதியது. அது நம் இருவருக்கும் தெரியும். இருவரில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

உங்களை முதலில் பார்த்தது ஒரு மின்வெட்டு நாளில். எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஒரு நாளிதழுக்குத் திருப்பூர் நிருபராக இருந்தேன். மின்வெட்டால் தொழில் எப்படி முடங்குகிறது என்று எழுதுவதற்காக, காதர்பேட்டைக்குப் பின்னால் இருந்த உங்கள் கம்பெனிக்கு வந்தேன். தையல் மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. ஆண்கள் வெளியே டீக்கடையில் இருந்தார்கள். உள்ளே, தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் மேசையைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கோடு போட்ட நோட்டு ஒன்றிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தீர்கள்.

கரண்ட் போனால் கதை. அது அந்த மேசையின் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதலில் வாரப் பத்திரிகைத் தொடர்களை வாசித்தீர்களாம். ஒரு தொடர் பாதியில் நின்றுபோனபோது, மிச்சத்தை நீங்களே எழுதிக்கொண்டுவந்து வாசித்தீர்களாம். அப்படித்தான் நோட்டு ஆரம்பித்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது?" என்று கேட்டேன்.

"பேப்பர்காரருங்களா?" என்றீர்கள். "கரண்ட் போறதப் பத்தித் திட்டி எழுதிப்போடாதீங்க. எங்களுக்கு அப்பத்தானுங்க கதை நடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்குப் பக்கத்தில் நின்ற மைமூன், "எழுதறது இவுங்க, மாட்டறது நாங்க. போன வாரம் கதையில எம்பட மாமியாளையே கொண்டுவந்துட்டாங்க" என்றார். நான் மின்வெட்டைப் பற்றிக் குறித்துக்கொண்டேன். பிறகு போகாமல் நின்று கதையைக் கேட்டேன். ஓவர்லாக், பேட்லாக், பீஸ் ரேட், லாட், பேக்கிங் என்று வரிக்கு ஒரு சொல் வந்தது. அந்த அறையில் ஒருவரும் ஒரு சொல்லுக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தரிச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. ஓர் இடத்தில் மட்டும் எல்லாக் கத்தரிகளும் நின்றன. அங்கே நீங்கள் ஒரு சாவைச் சொல்லியிருந்தீர்கள்.

அந்த ஆண்டுகளில் நாங்கள் ஐந்தாறு பேர் ஓர் இலக்கிய வட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஓர் இதழ். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓர் அச்சகத்தின் மாடியறையில் ஞாயிறு காலைகளில் கூடுவோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தலைவர். அவரைப் புலவர் என்றே அழைத்தோம். நல்ல மனிதர். தம் ஓய்வூதியத்தில் காகிதம் வாங்கித் தந்தவர். அவர் வைத்த ஒரு விதி இருந்தது. கூட்டத்தில் யாராவது ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்லிவிட்டால் எழுந்து நிற்க வேண்டும். அடுத்து வேறொருவர் வாயில் ஓர் ஆங்கிலச் சொல் வரும்வரை உட்காரக்கூடாது. எங்களுக்கு அது விளையாட்டாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நான் கூப்பிட்டுத்தான் நீங்கள் வந்தீர்கள். புலவர் உங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார். "எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங்ல இருக்கறனுங்க" என்றீர்கள்.

"அம்மையார் எழுந்து நிற்கட்டும்" என்று புலவர் புன்னகையோடு சொன்னார். விதியை விளக்கினார். நீங்கள் எழுந்து நின்றீர்கள். "ஏற்றுமதி நிறுவனம், ஆய்வுப் பிரிவு என்று சொல்லலாமே?" என்றார்.

"அப்படிச் சொன்னா எங்க கேட்டுல வாட்ச்மேன் உள்ள விடமாட்டாருங்க."

அறையே சிரித்தது. ஆனால் அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தவர்களும் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார்கள். புதிதாக வந்தவர் முன்னால் தவறிவிடக்கூடாது என்ற கவனம். ஒன்றேகால் மணி நேரம் நீங்கள் சுவரில் சாய்ந்தபடி நின்றீர்கள். நான் 'பஸ்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். அது எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

படியிறங்கும்போது என்னிடம் சொன்னீர்கள். "வாரத்துல ஆறு நாளும் நின்னுட்டுத்தானுங்க வேலை. ஞாயித்துக்கெழமையுமா?" கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னீர்கள். அதன் பிறகு மாடியறைக்கு வரவில்லை.

ஆனால் நம் பழக்கம் விடவில்லை. செய்தி சேகரிக்க அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், ஷிப்ட் விடும் நேரமாகப் பார்த்து, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்பேன். நீங்கள் பேப்பரை மடித்துக் கையில் பிடித்தபடி வருவீர்கள். என் செய்தியை, துணியைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாகப் பார்த்திருப்பீர்கள். "தீப்பிடிச்சுதுன்னு போட்டிருக்கறீங்க. எந்த மெஷின்ல இருந்து பிடிச்சுதுன்னு இல்லீங்களே?" என்பீர்கள். ஒரு முறை, "இதுல என்ன நடந்துச்சுங்கறது கடைசி வரியிலதான் வருது. அதுக்குள்ள எனக்கு பஸ் வந்துருச்சுங்க" என்றீர்கள். என் ஆசிரியர் குழுவில் யாரும் எனக்கு அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

ஒரு மாலையில் நோட்டைக் கொடுத்தீர்கள். "இத உங்க புக்குல போடோணும்ங்க" என்றீர்கள். நீங்களாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போட்டுவிடலாம்" என்றேன்.

"எங்க முதலாளி உங்க புக்கு படிப்பாருங்கல்ல?"

"ஒவ்வொரு இதழும் அவருக்குத் தபாலில் போகிறது. படித்துவிட்டுக் கார்டு போடுவார்."

"அப்பச் சரிங்க."

அவ்வளவுதான் பேச்சு. முதலாளி உங்களை ஓர் எழுத்தாளராகப் பார்க்கட்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் என நினைத்துக்கொண்டேன். ஏன் கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. நிருபர் வேலையில் கேட்பது ஒன்றுதான் வேலை.

கதை உங்கள் மேசையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றியது. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஜெயராணி. அவள் நிஜமாகவே இருக்கிறவள் என்பதும், உங்கள் வீட்டை ஒட்டிய அறையில்தான் குடியிருந்தாள் என்பதும், வேலையை விட்டு நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. வெளிநாட்டுக்குப் போகவிருந்த பனியன்களில் ஒரு லாட் முழுக்க, கடைசிப் பரிசோதனையில் தள்ளுபடி ஆகிவிட்டது. துணியில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு. நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி வளைந்திருந்தால் அப்படி விழும். நீடில் லைன் என்பீர்கள். கோட்டைப் பார்க்காமல் அந்தப் பீஸ்களைப் பேக்கிங்குக்கு விட்டுவிட்டாள் என்று ஜெயராணியை நிறுத்தினார்கள். கண் தெரியாதவள் என்று பெயரும் வைத்தார்கள். கண்ணை வைத்துப் பிழைக்கிறவளுக்கு அந்தப் பெயரோடு வேறெந்தக் கம்பெனியிலும் செக்கிங் வேலை கிடைக்காது.

நடந்தது வேறு. அதை நீங்கள் கதையின் நடுவில் இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். எந்த மேசை, எந்த விளக்கு, எந்தப் பீஸில் முதலில் கோடு தெரிந்தது, யாரிடம் சொன்னாள், எத்தனை பீஸைத் தனியே வைத்தாள், சாப்பாட்டு நேரத்தில் யார் வந்து அதை என்ன செய்தார்கள் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. எல்லாம் கம்பெனிச் சொற்கள். வேறு சொல்லில் அதைச் சொல்ல முடியாது. நான் மாற்றிப் பார்த்தேன். குறையுள்ள பீஸில் ஒட்டும் ஸ்டிக்கருக்குக் 'குறைகாட்டு ஒட்டி' என்று போட்டேன். சூப்பர்வைசர் மேற்பார்வையாளர் ஆனார். பாஸ், ரிஜெக்ட் இரண்டுக்கும் ஒரு மாலை முழுக்க அகராதியைப் புரட்டினேன். திருத்தி முடித்துப் படித்தபோது ஏதோ அரசாங்கச் சுற்றறிக்கைபோல இருந்தது. புலவர் பார்த்துவிட்டு, "இந்தப் பகுதியில் கலையில்லையே தம்பி, வெறும் தொழிற்சாலைக் குறிப்பு" என்றார். அச்சகத்தில் வேறு, இதழ் ஒன்றரைப் பக்கம் கூடிப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள்.

இரண்டு பக்கத்தையும் எடுத்தேன். கதை அந்த இடத்தில் பள்ளமாக நின்றது. அதை நிரப்ப அந்த வரியை எழுதினேன். எழுதியபோது மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புலவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். உங்கள் கதையில் இலக்கியம் நுழைந்த இடம் அதுதான் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது.

இதழ் வந்த அன்று பத்துப் பிரதிகளோடு டீக்கடைக்கு வந்தேன். சாப்பாட்டு நேரம். நீங்கள், மைமூன், இன்னும் ஐந்தாறு பேர். ஒல்லியாக ஒரு பெண் கடை பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "இவதானுங்க ஜெயராணி" என்றீர்கள். கதையில் இருந்த பெயர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தோழியின் பெயரைக் கதைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் நின்றபடி வாசித்தீர்கள். முதல் பக்கம் முடியும்வரை எல்லோருக்கும் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. "ஏய், அது நீதான்டி" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினீர்கள். தாளைத் திருப்பினீர்கள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க, பக்கம் விட்டுப்போச்சுங்களா?"

"இல்லை. கொஞ்சம் செறிவாக்கியிருக்கிறேன்" என்றேன்.

அந்த வரியை வாசித்தீர்கள். குரல் மாறவில்லை. மைமூன்தான் முதலில் பேசினார். "என்னது, விதி வந்து கண்ணைக் கட்டுச்சா? எந்த விதி? லாட்டை அனுப்போணும்னு சூப்பர்வைசரு ஸ்டிக்கரைப் பிச்சு வீசுனது எங்கீங்க?"

ஜெயராணி பெஞ்சிலிருந்து எழுந்தாள். உங்களிடம்தான் கேட்டாள், என்னைப் பார்க்கவில்லை. "என்னக்கா இது? நான் பாக்காம விட்டுட்டேன்னுல்லா வந்திருக்கு?"

"இரு கண்ணு" என்றீர்கள். மறுபடி தாளைத் திருப்பினீர்கள்.

"இது நிஜமாகவே நடந்ததா?" என்று நான் கேட்டேன். இரண்டு வாரம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "படிச்சாத் தெரியாதுங்களா?"

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். ஜெயராணி சாலையின் இந்தப் பக்கம் நின்றுவிட்டாள். உள்ளே போக அவளுக்குத்தான் வேலை இல்லையே. என் கையில் இருந்த மிச்சப் பிரதிகளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு தாங்க சார்" என்று வாங்கிக்கொண்டு போனாள். எதற்கு வாங்கினாள் என்று இன்றுவரை தெரியாது.

முதலாளிக்கு அதற்குள் தபாலில் பிரதி போய்விட்டது. மறுநாள் உங்களைக் கூப்பிட்டனுப்பினார். அவர் சொன்னதை நீங்கள் எனக்கு அப்படியே சொன்னீர்கள். "'நல்லா எழுதியிருக்கறே அம்மிணி. உன்ற சினேகிதின்னு பார்க்காம, அவ பார்க்காம விட்டான்னு ஒத்துக்கிட்டே பாரு, அது பெரிய மனசு'ன்னாருங்க."

நீங்கள் சொன்ன எதையும் அவர் அதன் பிறகு நம்பவில்லை. எழுதியதற்கு மாறாக இப்போது பேசுகிறாய் என்றாராம். வாய்ப்பேச்சை நம்பாத மனிதர், அச்சில் வந்ததை நம்புவார். அதனால்தான் நீங்கள் அச்சுக்கு வந்தீர்கள்.

அடுத்த இதழில் அந்த இரண்டு பக்கத்தையும் அப்படியே போடுகிறேன் என்றேன். புலவரிடம் சண்டை போடவும் தயாராக இருந்தேன். "ரெண்டு மாசம் கழிச்சு வந்தா அது வேற கதைங்க" என்று நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டீர்கள். செய்தியாக எழுதுகிறேன் என்று நான் சொல்லவில்லை. ஒரு செக்கிங் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தியதை என் நாளிதழ் போடாது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்து, எழுதி அனுப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெயராணி வேறொரு கம்பெனியில் பனியன் மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சில மாதங்களில் அதையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள் என்று சொன்னீர்கள். அதைச் சொன்ன நாளில் நீங்கள் டீ குடிக்கவில்லை. பஸ் வரும்வரை நின்றீர்கள், வந்ததும் ஏறிக்கொண்டீர்கள்.

மின்வெட்டு நாட்களில் அந்த மேசையில் மறுபடியும் வாரப் பத்திரிகைத் தொடர்களே வாசிக்கப்பட்டதாக மைமூன் சொன்னார். நீங்கள் என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்ததில்லை. என் செய்திகளில் குறை சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டீர்கள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்பீர்கள். அது எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

தொண்ணூறுகள் வந்தன. புலவர் போய்ச் சேர்ந்தார். மாடியறை ஓர் ஏஜென்ட்டின் ஆபீஸ் ஆனது. ஈய எழுத்துகள் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. என் நாளிதழே ஞாயிறு இணைப்பின் பாதித் தலைப்புகளை ஆங்கிலத்தில், தமிழ் எழுத்தில் போட ஆரம்பித்தது. நான் எழுதிய 'ஏற்றுமதியாளர்' எடிட்டிங்கில் 'எக்ஸ்போர்ட்டர்' ஆகி வந்தது. எங்கள் பழைய விதியின்படி பார்த்தால் மொத்தப் பத்திரிகை அலுவலகமும் எழுந்து நின்றிருக்க வேண்டும். கதைகளும் மாறின. எங்கள் காலத்தில் யாரும் வீட்டில் பேசாத தமிழில் எழுதினோம். இப்போது எழுதுகிறவர்கள் நாலு சொல்லுக்கு ஓர் ஆங்கிலச் சொல் போட்டார்கள். அதைத் துணிச்சல் என்று மதிப்புரையில் எழுதினார்கள். நிறையப் படித்தேன். படித்து முடித்து எழுந்தால் கையில் ஒன்றும் இல்லாததுபோல இருந்தது. வயதாகிவிட்டது, அதனால்தான் அப்படி என்று முதலில் நினைத்தேன்.

சென்னையிலிருந்து அப்படியொரு புது இதழின் ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். தொழிலாளர் மொழியில், அந்த ஆங்கிலம் அத்தனையும் வரும்படி கதை வேண்டும் என்றார். எனக்கு உங்கள் நோட்டு நினைவுக்கு வந்தது. அன்று எதற்காக வெட்டினேனோ அதற்காகவே இன்று கேட்கிறார்கள். பிராயச்சித்தம் கிடைத்துவிட்டது என்று அந்த இதழின் ஒரு பிரதியோடு உங்களிடம் வந்தேன். நீங்கள் அப்போது செக்கிங் இன்சார்ஜ் ஆகியிருந்தீர்கள். கண்ணாடி போட்டிருந்தீர்கள். ஒரு பனியன் கம்பெனிக் கதை அதில் இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து முழுவதும் படித்தீர்கள்.

"ஒரு பக்கத்துல பதினாலு இங்கிலீஷ் வார்த்தை இருக்குதுங்க" என்றீர்கள். "எண்ணிட்டேன். ஆனா அந்தப் பொம்பளை என்ன வேலை பார்க்கறான்னு எங்கயும் இல்லீங்களே. ஓரம் அடிக்கற ஓவர்லாக்குல பட்டன் வைக்கறாளாம்." சிரித்தீர்கள். வெகு நாளைக்குப் பிறகு. "எங்க டெய்லர்க கேட்டா அடிக்க வருவாங்க."

நானும் சிரித்தேன். பிறகு மெதுவாக நோட்டைக் கேட்டேன். இந்த முறை ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்றேன்.

"இப்ப யாருக்குங்க?" என்றீர்கள்.

நான் அந்த இதழைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"அன்னைக்கு ஒருத்திக்கு வேண்டியிருந்துச்சு, எழுதுனனுங்க. இப்ப உங்களுக்கெல்லாம் வேண்டியிருக்குதுங்கறீங்க. அந்த வார்த்தைகளுக்காகத்தானுங்க கேக்கறாங்க? அவளுக்காக இல்லீங்களே?" கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தீர்கள். "உடுங்க. டீ ஆறுது."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். நாங்கள் அந்தச் சொற்களை அழுக்கு என்று துடைத்தோம். இவர்கள் அவற்றை நகை என்று மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் மேசையில் அவை அழுக்காகவும் இருந்ததில்லை, நகையாகவும் இருந்ததில்லை. நீடில் லைன் என்றால் எந்தக் கோடு, அது எந்த மெஷினில் விழுந்தது, யார் பொறுப்பு என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று நாங்கள் பார்த்தோம். அது எதைக் காட்டுகிறது என்று நீங்கள் பார்த்தீர்கள்.

இப்போது இந்த ஜெராக்ஸ். தொகுக்கிறவருக்குப் போன் செய்து, அவர் அடிக்கோடிட்ட வரி என்னுடையது, அது ஒரு தவறு என்றேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப மூலத்தை அனுப்புங்க சார். இப்ப அந்த மாதிரி லாங்வேஜுக்குத்தான் மதிப்பு" என்றார். மூலம் இல்லாவிட்டால்? "இதையே போட்டுக்கலாம், பர்மிஷன் மட்டும் வாங்கிக் குடுங்க. உங்க ஊர்க் கம்பெனியில வேலை செஞ்ச பெண் எழுதின கதை இது ஒண்ணுதான் எனக்குக் கிடைச்சிருக்கு." அந்த வரி உங்களுடையதல்ல என்று அடிக்குறிப்புப் போட முடியுமா என்று கேட்டேன். "அப்புறம் கதையில என்ன சார் இருக்கு?" என்றார்.

காங்கேயத்துக்குப் போய் உங்கள் மகளைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு எண்ணெய் மில்லில் வேலை. அவள் களத்தில் கொப்பரை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எங்கம்மா பேரு புஸ்தகத்துலங்களா?" உள்ளே திரும்பி, "ஏனுங்க, இங்க வாங்க, அம்மா பேரு புஸ்தகத்துல வருதாமா" என்று கணவரைக் கூப்பிட்டாள். அந்த முகத்தைப் பார்த்தபோது ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நோட்டு எங்கே என்று கேட்டேன். "ஜெயராணி சித்தி ஊருக்குப் போறப்ப அம்மா அவங்ககிட்டயே குடுத்துட்டாங்க. உன்னுது, நீயே வெச்சுக்கன்னு. கொஞ்ச நாள் கடுதாசி வந்துச்சுங்க. அப்பறம் நின்னுபோச்சு" என்றாள்.

தாள்களை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். உங்களைப் போலவே மேலிருந்து கீழாக, ஒன்றும் விடாமல். அந்த வரியில் நின்றாள். திரும்பவும் படித்தாள்.

"இல்லீங்களே" என்றாள். "சித்தி பார்க்காம விடலீங்களே. அவ கண்ணு மாதிரி எந்தக் கம்பெனியிலயும் இல்லைன்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லுச்சு. அம்மா இப்படி எழுதியிருக்காதுங்க."

"எழுதவில்லை. நான் எழுதினேன்."

"ஏனுங்க அப்படிப் பண்ணீங்க?"

"அதில் இங்கிலீஷ் நிறைய இருந்தது" என்றேன். பதின்மூன்று ஆண்டுகள் எனக்குள் பல விதமாகச் சொல்லிக்கொண்ட காரணம், கொப்பரைக் களத்தில் நின்று வாய்விட்டுச் சொன்னபோது அவ்வளவுதான் இருந்தது.

அவள் திட்டவில்லை. தாள்களை வரிசை மாறாமல் அடுக்கி என்னிடம் நீட்டினாள். "போட வேண்டாமுங்க."

"அப்படியென்றால் அம்மா பேர் புத்தகத்தில் வராது."

"சித்தி எங்கயாவது படிச்சுப்போட்டாங்கன்னா?" என்றாள். பிறகு, "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

நேற்று தொகுக்கிறவருக்கு மறுத்து எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நம் ஊரின் கதைகள் என்று ஒரு புத்தகம் வரும். அதில் பனியன் கம்பெனிக்குள் போகாதவர்கள் எல்லாம் இருப்பார்கள். நீங்கள் இருக்கமாட்டீர்கள். உங்களை வெளியே நிறுத்தியது இரண்டு முறையும் என் கைதான். இந்த முறை அது சரி என்று நினைக்கிறேன். நிம்மதியாக இல்லை.

வெட்டிய பக்கங்களை நினைவிலிருந்து எழுதிப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று வரிசையாகத் தெரியும். ஆனால் எழுத எழுத அது என் நடைக்கு வந்துவிடுகிறது. கிழித்துப்போட்டேன். உங்கள் சொல்லில், உங்கள் வரிசையில், எனக்குச் சந்தேகமில்லாமல் நினைவிருப்பது அந்த இரண்டு பக்கத்தின் கடைசி மூன்று வரிகள் மட்டும்தான். எந்தச் செய்தி எழுதி முடித்தாலும் அவற்றை ஒரு முறை மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் அனுப்புகிறேன். அவற்றை மட்டும் ஒன்றும் மாற்றாமல் இங்கே வைக்கிறேன்.

ஜெயராணி பார்த்தாள். எல்லாப் பீஸிலும் ஸ்டிக்கர் ஒட்டினாள். சூப்பர்வைசர் பிய்த்தான்.